துருவத்துக் குளிரும் இரவற் கண்ணும்

பூமண்டலத்தில் மிகக் கொடிய குளிர் எங்கே நிலவுகிறது என்ற கேள்விக்கு இன்று கிடைத்திருக்கும் விடை, எந்த மனிதனும் நேரில் நின்று கண்டு சொன்னதன்று. தென் துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவின் கிழக்குப் பீடபூமியில், ஆர்கஸ் மேட்டுக்கும் பியூஜி மேட்டுக்கும் இடையே, கடல் மட்டத்துக்குச் சுமார் 3,800 மீட்டருக்கு மேல் ஒரு பனி முகடு நீண்டு கிடக்கிறது. அதன் சரிவில் ஆழமில்லாத பள்ளங்கள் பல உண்டு. குளிர்கால இரவில் அப்பள்ளங்களிலுள்ள பனியின் மேற்பரப்பு, பூஜ்யத்துக்குக் கீழ் 98 சென்டிகிரேட் டிகிரி வரை குளிர்ந்து போவதாக அமெரிக்க விஞ்ஞானிகள் 2018-ஆம் வருஷத்தில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அங்கே அப்போது உஷ்ணமானியுடன் நின்றவர் எவருமில்லை. பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களே அதைக் கண்டன.

கோடம்பாக்கத்திலிருந்து எழுதும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் துருவத்துக் குளிரோடு என்ன சம்பந்தம் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கோடம்பாக்கத்தார் பனிமலையைப் பெரும்பாலும் வெள்ளித்திரையில் கண்டவர்கள். நமக்கு மிகவும் அண்மையிலுள்ள நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் நூற்றாண்டு கடந்த பதிவுகளில் மிகக் குறைந்த உஷ்ணநிலையே 13.9 டிகிரிதான். 1895-ஆம் வருஷம் டிசம்பரிலும் 1905-ஆம் வருஷம் ஜனவரியிலும் அது பதிவாயிற்று. மார்கழிப் பனிக்கே தலையில் துணி சுற்றிக்கொள்ளும் நாம், பூஜ்யத்துக்குக் கீழ் 98 டிகிரி என்பதை மனத்தால் பாவிக்கவும் முடியாது. ஆயினும் அக்குளிரை யார் அளக்கிறார்கள், எந்தக் கருவியால் அளக்கிறார்கள், அளந்த கணக்கு யார் கையில் இருக்கிறது என்பவை நம்மைத் தொடும் விஷயங்களே. அளப்பவன் கையில் அதிகாரம் சேரும் என்பது நாம் பட்டறிந்த பாடம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் இதே நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சி நிலையம் கட்டியது, தங்கள் கப்பல்களுக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காகவேயன்றி, நமது ஞானம் பெருக வேண்டும் என்பதற்காக அன்று.

முதலில் அந்தக் குளிர் எவ்வாறு காணப்படுகிறது என்பதைத் தெளிந்துகொள்வோம். துருவத்தில் குளிர்காலம் என்பது நீண்ட இரவு. நமது மைத்ரி நிலையம் இருக்கும் அட்சரேகையிலேயே சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதில்லை. அந்த இருளில் சாதாரணப் புகைப்படக் கருவி குருடாகிவிடும். ஆனால் எந்தப் பொருளும் தன் உஷ்ணத்துக்குத் தக்கபடி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. பனிக்கட்டியும் இந்த விதிக்கு விலக்கல்ல. அக்கதிர்களின் பலத்தை ஆகாயத்திலிருந்து அளந்து, பனியின் மேற்பரப்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் டெரா, அக்வா என்னும் செயற்கைக்கோள்களும், 2013-இல் ஏவப்பட்ட லாண்ட்சாட்-8 என்பதும் இந்த வேலையைச் செய்தன.

பள்ளங்களில் மாத்திரம் குளிர் அதிகப்படுவானேன்? வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஆகாயத்தில் நீராவி மிகவும் குறைந்திருக்கும் நாட்களில், பனி தன் வெப்பத்தைத் தங்குதடையின்றி வெளியே விட்டுவிடுகிறது. அதன்மேல் படிந்த காற்றும் குளிர்ந்து கனத்துச் சரிவில் மெல்ல இறங்குகிறது. மேட்டு வயலில் விட்ட நீர் பள்ள வயலில் போய்த் தேங்குவதைப் போல, அக்கனத்த காற்று இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள அப்பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. அந்நிலை பல நாள் நீடித்தால் குளிர் மேலும் மேலும் ஏறுகிறது. ஏறத்தாழ நூறு இடங்களில் குளிர் ஒரே எல்லையைத் தொட்டு நின்றது என்பதே விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்திய செய்தி. ஆகாயத்தில் எஞ்சியுள்ள சொற்ப நீராவி, பனி இழக்கும் வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதால், அதற்குக் கீழே குளிர் இறங்க இயலவில்லை என்பது அவர்கள் கூறும் காரணம்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உலக வானிலை ஸ்தாபனம் ஒப்புக்கொண்ட மிகக் குறைந்த உஷ்ணநிலை மைனஸ் 98 அன்று, மைனஸ் 89.2 டிகிரியே. 1983-ஆம் வருஷம் ஜூலை 21-ஆம் தேதி ஸோவியத் நாட்டாரின் வாஸ்டாக் நிலையத்தில் மனிதர்கள் உஷ்ணமானியால் கண்டது அது. ஒன்று தரைக்கு மேலே மனிதன் சுவாசிக்கும் காற்றின் உஷ்ணநிலை. மற்றொன்று பனியின் தோலின் உஷ்ணநிலை. இரண்டும் வேறு. அப்பள்ளங்களில் காற்றின் உஷ்ணநிலை மைனஸ் 94 அளவில் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் தரை நிலையங்களின் கணக்கை ஒப்பிட்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். அதே ஆராய்ச்சியாளர் 2013-இல் முதலில் சொன்ன எண் மைனஸ் 93.2 என்பதும், கருவியின் கணக்கைத் திருத்தியபின் அது மாறியது என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை. நியாயஸ்தலத்தின் பாஷையில் சொல்வதானால், வாஸ்டாக்கின் உஷ்ணமானி நேர் சாட்சி. செயற்கைக்கோள் சூழ்நிலைச் சாட்சி. சூழ்நிலைச் சாட்சியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது நேர் சாட்சியின் துணையோடுதான் நிலைபெறும்.

இதற்கு ஓஸோன் படலத்தின் கதையைக் காட்டிலும் நல்ல உதாரணம் இல்லை. துருவக் குளிர்காலத்தில் ஆகாயத்தின் மேலடுக்கு மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே குளிரும்போது அங்கே ஒருவித மேகங்கள் உண்டாகின்றன. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும், அம்மேகங்களின் மேல் நடந்த ரசாயன மாறுதலின் பயனாக ஓஸோன் அழிகிறது. நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோள் இந்தக் குறைவைக் கண்டது. ஆனால் எண்கள் எதிர்பார்த்ததைவிட மிகவும் தாழ்ந்திருந்தமையால், சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டு ஆராய்ச்சிக்குக் காத்திருந்தன. அதற்குள் ஹாலி விரிகுடா நிலையத்தில் வருஷக்கணக்காகத் தரையிலிருந்தே அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் 1985-இல் உண்மையை உலகுக்கு உரைத்துவிட்டார்கள். பிறகு செயற்கைக்கோளின் படமே அந்தத் துளையின் பரப்பு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிற்று. ஆகாயத்தில் கண் வேண்டும். தரையில் கையும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று முழுப் பயன் தராது.

குளிர் அங்கேயே நிலைத்திருக்கும், அதை அளந்து ஆவதென்ன என்று இருக்கவும் வழியில்லை. 2022-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், துருவத்தில் இலையுதிர்காலம் தொடங்கிய வேளையில், கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதியிலுள்ள கான்கார்டியா நிலையத்தில் உஷ்ணநிலை மைனஸ் 12 டிகிரி அளவுக்கு உயர்ந்தது. அக்காலத்துக்கு வழக்கமானதைவிட ஏறத்தாழ 40 டிகிரி அதிகம். 2023-ஆம் வருஷம் குளிர்கால முடிவில், அக்கண்டத்தைச் சூழ்ந்து உறையும் கடற்பனிக்கட்டி தன் உச்ச அளவிலும் 1 கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டரை எட்டவில்லை. 1979 முதல் தொடர்ச்சியாக வைக்கப்பட்டுள்ள கணக்கில் அதுவே மிகக் குறைந்த உச்சம். அதற்கு முன்னிருந்த 1986-ஆம் வருஷக் குறைவைவிட அது சுமார் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் குறைவு. உலகத்துப் பனிக்கட்டியில் பத்தில் ஒன்பது பங்கை அடக்கி வைத்திருப்பது அண்டார்க்டிகா. கடற்கரையில் குடியிருக்கும் சென்னைவாசிக்கும், உப்புநீர் ஏறிய வயலை நொந்து பார்க்கும் நாகப்பட்டினத்து மிராசுதாருக்கும் அப்பனிக்கட்டியின் நிலை அந்நிய விஷயமாக இருக்க முடியுமா?

இந்தக் கடற்பனிக்கட்டிக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதில்தான் நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம் அடங்கியிருக்கிறது. அகச்சிவப்புக் கண்ணை மேகம் மறைத்துவிடும். நுண்ணலைக் கண்ணை மேகமும் இருளும் மறைப்பதில்லை. ஆகவே குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியின் பரப்பை நாள்தோறும் அளக்க நுண்ணலைக் கதிர்மானிகளையே நம்பியிருக்கிறார்கள். பல வருஷங்களாக உலகத்தார் இதற்கு அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்களின் கணக்கையே பிரதானமாகக் கொண்டிருந்தார்கள். 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அந்தக் கணக்கு அம்மாத இறுதியோடு நிறுத்தப்படும் என்று திடீரென ஓர் அறிவிப்பு வந்தது. ஆட்சேபங்கள் எழுந்தபின் ஜூலை இறுதிவரை தவணை கிடைத்தது. பிறகு அந்த முடிவும் மாற்றப்பட்டு, 2026 செப்டம்பர் வரை தொடரும் என்று சொல்லப்பட்டது. இதற்கிடையில், கணக்கைத் தொகுத்து வெளியிடும் அமெரிக்கப் பனிக்கட்டி ஆராய்ச்சி நிலையத்தாரே ஜப்பானியச் செயற்கைக்கோள் ஒன்றின் கருவிக்கு மாறிக்கொள்ள நேர்ந்தது.

அமெரிக்கரை நாம் இங்கே குறைகூற வரவில்லை. அவர்கள் தங்கள் பணத்தில் செய்த கருவி. தந்தது அவர்கள் தயாளம். லாண்ட்சாட் படங்களை 2008 முதல் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஓர் உலகக் கணக்கு, ஒரு காரியாலயத்தின் ஒரு கடிதத்தால் சில நாட்களில் அறுந்துபோகும் நிலைக்கு வந்தது என்றால், அதில் நமக்குப் படிப்பினை இல்லையா? இரவல் வாங்கிய கண்ணால் எவ்வளவு நாள் பார்க்கலாம் என்பதை இரவல் கொடுத்தவரே நிச்சயிப்பார்.

இத்துறையில் நமது தேசம் வெறுங்கையோடு நிற்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம். 1956-ஆம் வருஷத்திலேயே, சுதந்திரம் பெற்று ஒன்பது வருஷங்கூட நிரம்பாத இந்தியா, அண்டார்க்டிகா விஷயத்தை ஐக்கிய நாடுகள் சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. பெரிய வல்லரசுகளுக்கு அது பிடிக்கவில்லை. 1959 டிசம்பரில் பன்னிரண்டு நாடுகள் கூடி அண்டார்க்டிக் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது இந்தியா அதில் இல்லை. அந்த உடன்படிக்கையில் ஒரு ஷரத்து கவனிக்கத்தக்கது. பின்னால் சேரும் நாடு, அக்கண்டத்தில் கணிசமான விஞ்ஞான ஆராய்ச்சி செய்து காட்டினால்தான் முடிவெடுக்கும் சபையில் அதற்கு இடம் உண்டு. அங்கே உழைத்து அறிந்தவனுக்கே வாக்கு உண்டு. டாக்டர் காஸிமின் தலைமையில் நமது முதல் கோஷ்டி 1981 டிசம்பரில் புறப்பட்டு 1982 ஜனவரியில் அங்கே கரையிறங்கிற்று. 1983 ஆகஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தோம். அடுத்த மாதமே ஆலோசனை அந்தஸ்தும் பெற்றோம். 2024-இல் அந்நாடுகளின் கூட்டம் நமது கொச்சியிலேயே நடந்தது.

1984-ஆம் வருஷத்தில் முதன்முதலாக நமது வீரர்களும் விஞ்ஞானிகளும் தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் துருவக் குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள். அந்நிலையம் பனியில் புதைந்துபோன பிறகு, பாறை நிலத்தில் 1989-இல் மைத்ரியும், 2012-இல் பாரதியும் எழுந்தன. பாரதியில் நமது விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் நிறுவியிருக்கும் நிலையம், துருவத்தின் மேல் செல்லும் நமது செயற்கைக்கோள்களின் செய்திகளை நாளுக்குப் பல தடவை வாங்கி, ஹைதராபாத்துக்கு அடுத்த ஷாத்நகருக்கு அனுப்புகிறது.

வட துருவத்திலும் நமக்கு ஓர் இடம் உண்டு. 1920-ஆம் வருஷத்து ஸ்வால்பார்ட் உடன்படிக்கையில், நம்மைக் கேளாமலே நமது பெயரால் வெள்ளைக்கார சர்க்கார் கையெழுத்திட்டிருந்தது. அந்தக் கையெழுத்தையும் நமது காரியத்துக்கு ஆக்கிக்கொண்டு, 2008-இல் அங்கே ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்தோம். 2023 டிசம்பரில் முதல் குளிர்காலக் கோஷ்டியும் சென்றது. அங்குள்ள காங்ஸ்பியார்டன் கடற்கழியில் 2014-இல் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்ட இந்தியக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் முதன்மையானவர்கள், நமது பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார். கோடம்பாக்கத்திலிருந்து சில மைல் தூரத்தில் ஆராயப்படும் விஷயத்தைத்தான் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆர்க்டிக் மாறுதலுக்கும் நமது பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும் என்பது 2022-இல் வெளியான நமது ஆர்க்டிக் கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று.

ஆகாயத்தில், 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிஸார் என்னும் இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோள் இருக்கிறது. அதன் ரேடார் இருளையும் மேகத்தையும் ஊடுருவிப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கும். பனிக்கட்டி சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காட்டும். தென் துருவத்தை நன்றாகப் பார்ப்பதற்கென்றே அதன் பார்வை இடப்புறமாக அமைக்கப்பட்டிருக்கிறது. இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ரேடார் நகர்ச்சியைக் காட்டுமேயன்றிக் குளிரை அளக்காது. பனியின் குளிரைக் காணும் அகச்சிவப்புக் கண்ணும், மேகத்தைத் தாண்டி நாள்தோறும் பனிக்கட்டியைக் கணக்கிடும் நுண்ணலைக் கண்ணும் வேறு. அவ்விரண்டிலும்தான் நாம் பிறரை எதிர்பார்த்து நிற்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, நுண்ணலைக் கதிர்மானி. 1999 மே மாதத்தில் ஏவிய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளில் அத்தகைய கருவி ஒன்றை நாமே செய்து வைத்திருந்தோம். அதைக்கொண்டு அண்டார்க்டிகாவின் கடற்பனிக்கட்டியை நமது விஞ்ஞானிகள் ஆராய்ந்தும் காட்டினார்கள். அந்த வரிசை அறுபடாமல் தொடரவில்லை. செய்யத் தெரியாதவன் செய்யாமல் இருப்பது ஒன்று. செய்து காட்டியவன் விட்டுவிடுவது வேறு. துருவங்களின் மேல் சுற்றும் அத்தகைய கருவியைத் திரும்பச் செய்து, ஒன்று பழுதாகுமுன் மற்றொன்று மேலே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வகைக் கணக்கின் மதிப்பெல்லாம் அதன் தொடர்ச்சியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, அகச்சிவப்புக் கண். இந்தியாவும் பிரான்சும் கூட்டாகத் திட்டமிட்ட திருஷ்ணா என்னும் செயற்கைக்கோள் இந்த வேலைக்கு ஏற்றது. நிலத்தையும் கரையோரத்தையும் 57 மீட்டர் நுட்பத்தோடும், சமுத்திரங்களையும் துருவங்களையும் 1 கிலோமீட்டர் நுட்பத்தோடும் பார்ப்பது என்பது அதன் திட்டம். வயல்களின் தாகத்தைக் காண்பதே அதன் முதல் வேலை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் துருவக் குளிர்காலத்தில் சில தினங்களாவது நுட்பமான பார்வையை அப்பனி முகட்டின் மேல் திருப்பினால், பள்ளங்களின் உருவத்தையே நமது கருவியால் காண முடியும். ஒரே கண் தஞ்சாவூர் வயலையும் பார்க்கும், ஆர்கஸ் மேட்டையும் பார்க்கும் என்றால், அதில் செலவு எங்கே மிகுகிறது?

மூன்றாவது, தரையிலுள்ள கை. மைத்ரியிலும் பாரதியிலும் குளிர்காலத்தில் எடுக்கப்படும் உஷ்ணமானிக் கணக்குகளைச் செயற்கைக்கோள் கணக்குகளோடு வருஷந்தோறும் ஒப்பிட்டு, நமது சர்வகலாசாலை மாணவர்கள் எளிதில் எடுத்து ஆராயும்படி வெளியிட வேண்டும். பெட்டியில் பூட்டிய கணக்கு, புதைத்த பணத்தைப் போன்றது. சென்னையிலுள்ள ஒரு மாணவன் அமெரிக்கக் கணக்கைக்கொண்டு அண்டார்க்டிகாவை ஆராய்வது சுலபமாகவும், இந்தியக் கணக்கைக்கொண்டு ஆராய்வது கஷ்டமாகவும் இருக்குமானால், குற்றம் அமெரிக்கருடையதன்று.

நம் நாட்டில் குடிநீருக்கும் வைத்தியத்துக்கும் பணம் போதாதபோது துருவத்துக்குச் செலவழிப்பதா என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஏழையின் வயிற்றை நினைத்துச் சொல்லப்படும் ஆட்சேபத்தை நாம் ஒருபோதும் அலட்சியம் செய்யமாட்டோம். ஆனால் கடல் ஏறினால் முதலில் நனைவது ஏழையின் குடிசை. பருவமழை பொய்த்தால் முதலில் காய்வது சிறு விவசாயியின் வயல். வருவதை முன்கூட்டி அறியும் சாதனம் பணக்காரனுக்கு மாத்திரம் உரிய ஆபரணமன்று. எல்லாக் கணக்கும்தான் இலவசமாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு 2025 ஜூன் மாதத்து அறிவிப்பே பதில். நாம் கேட்பது பிறர் கணக்கை ஒதுக்கிவிடுவதையும் அன்று. பல தேசங்கள் தனித்தனியே அளந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்தும். மைனஸ் 93 என்பது மைனஸ் 98 ஆகத் திருந்தியதும் அளவைச் சோதித்துக்கொண்டே இருந்ததன் பலனே. இந்தியாவும் தன் பங்கைச் செலுத்தினால் அது உலகத்துக்கு உபகாரம், நமக்குச் சுயமரியாதை.

சட்டத்தில் அனுபோக பாத்தியதை என்பது ஒன்று உண்டு. நிலத்தை இடைவிடாமல் உழுது பயிரிட்டவனுக்கே அது கிட்டும். ஒரு வருஷம் உழுது, மறு வருஷம் தரிசு போட்டவனுக்குக் கிட்டாது. அண்டார்க்டிகாவில் எந்த நாட்டுக்கும் நிலம் சொந்தமாக வேண்டியதில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அக்கண்டத்தைப் பற்றிய முடிவுகளில் நமக்குள்ள குரலும் அவ்வாறே ஆராய்ச்சியால் வந்தது, ஆராய்ச்சியால்தான் நிலைக்கும். 1981-இல் கப்பலேறியவர்கள் அதை நமக்குச் சம்பாதித்துத் தந்தார்கள். அதைக் காக்கும் கருவிகளைச் செய்து கொடுப்பது டில்லி சர்க்காரின் கடமை. அடுத்த வரவு-செலவுத் திட்டம் வருமுன் நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள், கட்சி பேதமின்றி, மேலே கண்ட மூன்றையும் சபையில் கேள்வியாக எழுப்பிப் பதில் வாங்க வேண்டும். துருவத்தின் அடுத்த நீண்ட இரவு தொடங்கும்போது, அதை நமது சொந்தக் கண்ணால் பார்க்க நாம் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம் என்ற உறுதிமொழியாவது தேசத்துக்குக் கிடைக்கட்டும்.